காவிரி டெல்டாவில் நலத்திட்டங்களுக்கான இணையச் சேவைகளை வடிவமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் உழவர்கள், விவசாயத் தொழிலாளர்கள், மீனவர்கள் ஆகியோரை அரசின் நலத்திட்டங்களோடு இணைக்க இணையதளமோ செயலியோ உருவாக்க முனைவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. துறை அலுவலர்கள், பொறியியல் கல்லூரி மாணவர்கள், தன்னார்வக் குழுவினர் ஆகிய மூன்று தரப்பினரையும் மனத்தில் கொண்டு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

எல்லாத் திட்டங்களையும் ஒரே இடத்தில் காட்டும் புதிய செயலிதானே முதலில் தேவை?

தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. வேளாண் துறைக்கு 2018 முதல் உழவன் செயலி இருக்கிறது. மத்திய, மாநிலத் திட்டங்களைத் தொகுத்துக் காட்டும் மைஸ்கீம் தளம் 2022 முதல் இருக்கிறது. இ-சேவை மையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. திட்டத்தின் பெயர் தெரியாமல் தவிப்பவரை விட, பெயர் தெரிந்து, மனுவும் கொடுத்துவிட்டு, அது எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பவரே டெல்டாவில் அதிகம். மனு கொடுத்த பிறகு நடப்பதைச் சொல்லும் சேவைக்குத்தான் பஞ்சம்.

அப்படியானால் வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

திரையிலிருந்து அல்ல, பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். நிலம் சார்ந்த எந்த உதவிக்கும் கணினி முதலில் தேடுவது பட்டாதாரரின் பெயரை. ஆனால் அந்த வயலில் நாற்று விடுபவரும், சொசைட்டியில் உரம் வாங்குபவரும், அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்தால் தலையில் கைவைத்து உட்காருபவரும் வேறொருவராக இருக்கலாம். டெல்டாவில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான நஞ்சை நிலம் மிகுதி. தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் போன்ற மடங்களின் நிலங்களைத் தலைமுறைகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வரும் குடும்பங்கள் பல உண்டு. தனியார் நிலத்திலோ குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தும், பெயர் ஏறிவிட்டால் நிலத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற நில உடைமையாளரின் அச்சமும், கேட்டால் குத்தகையே போய்விடும் என்ற சாகுபடியாளரின் அச்சமும் சேர்ந்து பல பெயர்களைப் பதிவேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன.

இதன் விளைவு என்னவென்றால், ஒரே மனிதர் ஒரு திட்டத்தில் விவசாயியாகவும் இன்னொரு திட்டத்தில் யாருமற்றவராகவும் ஆகிவிடுகிறார். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் பிஎம் கிசான் திட்டம் தம் பெயரில் சாகுபடி நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. குத்தகைதாரருக்கு அதில் இடமில்லை. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். தமிழ்நாடு அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலோ சிறு, குறு விவசாயிகளோடு நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளரும் உறுப்பினராகலாம். ஆகவே "நீங்கள் விவசாயியா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்களை வைக்கும் படிவம் முதல் கேள்வியிலேயே தடம் மாறிவிடுகிறது. "இந்தப் போகத்தில் எந்த நிலத்தில் சாகுபடி செய்கிறீர்கள், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால், எந்தத் திட்டத்துக்கு எந்தத் தகுதி என்பதைச் சேவையே பிரித்துச் சொல்லிவிட முடியும்.

குத்தகைச் சாகுபடியை உறுதிப்படுத்த நில உடைமையாளருக்கு ஓடிபி அனுப்பி ஒப்புதல் பெறலாமா?

கூடாது. கணினியின் பார்வையில் இது மிக எளிய தீர்வாகத் தெரியும். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரப் பொறியாளர்களே. ஆனால் அந்தக் குறுஞ்செய்தி உடைமையாளரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தவுடன், அடுத்த போகத்துக்கு அந்தக் குத்தகை நிலைக்குமா என்பதே சந்தேகமாகிவிடும். எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் நிற்கிறது, யார் சாகுபடி செய்கிறார் என்று பசலிதோறும் (வருவாய்த் துறையின் ஜூலை முதல் ஜூன் வரையான ஆண்டுதோறும்) அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் எழுதுவது கிராம நிர்வாக அலுவலரின் வழக்கமான பணி. ஆகவே சேவை செய்ய வேண்டியது, சாகுபடியாளரின் கோரிக்கையை நேரே அவரிடம் சேர்த்து, வயலைப் பார்வையிடும் நாளைக் குறிக்கச் செய்து, அடங்கல் கிடைத்ததா என்பதைப் பதிவு செய்வது. உடைமையாளரின் கைப்பேசி எண் அந்தப் படிவத்தில் இருக்கவே வேண்டியதில்லை.

இதோடு தொடர்புடைய ஒரு சிறு குறிப்பையும் சொல்ல வேண்டும். அடங்கல் பசலி ஆண்டுப்படி எழுதப்படுகிறது. 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை பசலி 1435. படிவத்தில் ஆங்கில ஆண்டை மட்டும் வைத்தால், பிப்ரவரியில் விண்ணப்பிக்கும் தாளடி (குறுவைக்குப் பிந்தைய இரண்டாம் போக நெல்) விவசாயி எந்த ஆண்டைத் தேர்வது என்று குழம்புவார். தாளில் இருப்பதே திரையிலும் இருக்கட்டும்.

பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தால் என்ன செய்வது?

டெல்டாவில் இது விதிவிலக்கன்று. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து வரப்புப் போட்டு முப்பது ஆண்டு ஆகியிருக்கும். பட்டாவோ கூட்டுப் பட்டாவாகவே கிடக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உட்பிரிவு அளவை, பட்டா மாறுதல் என்று நீளும் அந்த வேலையை உங்கள் சேவையால் முடித்துவிட முடியாது. ஆனால் "பெயர் பொருந்தவில்லை" என்று சொல்லி நிறுத்திவிடாமல், இந்த நான்கில் எது முதலில், எதை எங்கே கேட்பது, எதற்கு நில அளவர் வர வேண்டும் என்பதை அவருடைய நிலைக்கேற்ப வரிசைப்படுத்தி ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தர முடியும். அந்த ஒரு தாளோடு ஜமாபந்தியில் (வட்ட அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) போய் நின்றால் வேலை நடக்கும்.

நிலப்பரப்பை எந்த அளவில் கேட்பது?

பட்டாவில் ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு), உரப் பரிந்துரையில் ஏக்கர், பேச்சில் மா. டெல்டாவில் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நான்கு மா சாகுபடி செய்பவரிடம் ஹெக்டேரில் நிரப்பச் சொன்னால், அவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார், பக்கத்தில் நிற்பவர் ஒரு குத்துமதிப்பைச் சொல்வார், அந்தக் குத்துமதிப்பு அடங்கலோடு முரண்பட்டு மனு திரும்பும். மா என்றே உள்ளிட வழிசெய்து, ஒரு மா ஏறத்தாழ பதின்மூன்றரை ஏர் என்ற கணக்கில் சேவையே மாற்றிக் காட்டி, பட்டாவில் உள்ள எண்ணையும் அருகிலேயே வைத்தால் அவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். வேறுபாடு சிறிதாக இருந்தால் பட்டாவின் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். அதற்காக மனுவைத் திருப்பக் கூடாது.

மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றின் பட்டியலில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது?

பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பர் 28இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. குத்தாலத்துக்காரர் ஒருவரின் வீட்டுப் பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் மாயவரம் தாலுகா என்றும், ஆதாரில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றும், குடும்ப அட்டையில் மயிலாடுதுறை மாவட்டம் என்றும் இருக்கலாம். மூன்றும் சரியான முகவரிகளே; பிரிந்தது மாவட்டம்தான், அவர் வீடு மாறவில்லை. முகவரிச் சரிபார்ப்பை மாவட்டப் பெயரை வைத்துச் செய்யும் மென்பொருள் இவரை மூன்று மனிதர்களாகப் பார்க்கும். வருவாய் கிராமத்தை அடிப்படையாகக் கொண்டு, அது எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்ற அட்டவணையைப் பின்னணியில் வைத்துக்கொள்வதே சரியான வழி. ஒருவர் கிராமம் என்று சொல்வது பெரும்பாலும் தெருவையோ குக்கிராமத்தையோ என்பதால், குக்கிராமப் பெயரைத் தட்டினாலும் வருவாய் கிராமம் தானே வந்து நிற்க வேண்டும்.

மக்களே தங்கள் கைப்பேசியில் விண்ணப்பிக்கும்படி செய்தால் இடைத்தரகு ஒழியாதா?

தரகு வேறு, துணை வேறு. இ-சேவை மையத்துப் பெண், கூட்டுறவுச் சங்கத்துக் கணினியில் உட்கார்ந்திருப்பவர், மகளிர் குழுவின் ஊக்குநர், ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை: டெல்டாவின் பெரும்பாலான விண்ணப்பங்கள் இவர்கள் கைவழியாகத்தான் போகின்றன, இனியும் நெடுங்காலம் அப்படித்தான் போகும். இவர்களை இல்லாதவர்களாகப் பாவித்து வடிவமைக்கும் சேவையில் என்ன நடக்கிறது என்றால், இவர்கள் விண்ணப்பதாரரின் கணக்கில் நுழைந்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தங்கள் கைப்பேசி எண்ணையே கொடுத்து வேலையை முடிக்கிறார்கள். கெட்ட எண்ணத்தால் அன்று. வேறு வழி இல்லாததால்.

ஆகவே துணை செய்பவருக்கென்று தனி நுழைவு வேண்டும். யாருக்காக யார் நிரப்பினார் என்பது பதிவாக வேண்டும். அனுப்பும் முன்பு நிரப்பியவை அனைத்தையும் பெரிய எழுத்தில் ஒரே பக்கமாகக் காட்டி, விண்ணப்பதாரரை வாசிக்கச் செய்ய, வாசிக்க இயலாதவருக்கு ஒலியாகக் கேட்கச் செய்ய வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பது ஒப்புகைச் சீட்டில் தமிழில் அச்சாக வேண்டும். மையத்தில் பணிபுரிபவருக்கு வரிசை நீண்டு நிற்கும்போது பொறுமை குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பதினான்கு பக்கங்களாகப் பிரித்த படிவத்தில் பதின்மூன்றாவது பக்கத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டால், மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லும் தளத்தை அவர் அடுத்த முறை திறக்க மாட்டார். "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார். அந்த "நாளைக்கு" என்பது நடவுக் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளம்.

கைப்பேசி எண் ஒன்றைக் கேட்டால் போதாதா?

எண் யாருடையது என்பதையும் கேளுங்கள். அது விண்ணப்பதாரருடையதா, மகனுடையதா, பக்கத்து வீட்டாருடையதா, மையத்துடையதா என்று ஒரு கேள்வி கூடுதலாக வைத்தால் போதும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார் அல்லது சிங்கப்பூரில் இருப்பார். ஆதாரில் பதிவான எண் அவரிடம் இருக்கும். தாய் இங்கே மையத்தில் நின்றுகொண்டு போன் செய்து ஓடிபி கேட்பார். வேலை நேரத்தில் அவர் எடுக்க மாட்டார். எண் பிறருடையது என்று தெரிந்தால், நேரக்கெடு உள்ள படியைத் தள்ளி வைத்து, மற்றவற்றை நிரப்பிச் சேமித்துவிட்டு, மாலையில் மகனோடு பேசி ஓடிபியை மட்டும் தந்து முடிக்க வழிவிடலாம்.

குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புவதில் என்ன கடினம்?

இடம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும்; ஒருங்குறித் தமிழில் 70 குறியீடுகள்தான். மேலும் தமிழில் அகரம் ஏறியவை தவிர்த்த உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு குறியீடுகள் செலவாகும். "தகுதியில்லை" என்ற ஆறெழுத்துச் சொல்லே பதினொரு குறியீடுகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு செய்தியில் ஏறத்தாழ நாற்பது தமிழ் எழுத்துகள் என்று வைத்துக்கொண்டு எழுதப் பழக வேண்டும். செலவு கருதி ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ அனுப்பும் பழக்கம் பல துறைகளில் உண்டு. வாசிக்க முடியாத செய்தியை மலிவாக அனுப்பி என்ன பயன்? இரண்டு செய்திகளுக்கான செலவை ஏற்று, முதலில் முடிவு, அடுத்து செய்ய வேண்டியது, கடைசியில் மனு எண் என்ற வரிசையில் எழுதுங்கள். வாடிக்கையாளர், பயனாளர், பரிவர்த்தனை முதலிய சொற்களை நீக்கினாலே பாதி இடம் மிஞ்சும். வணிகக் குறுஞ்செய்திகளின் வார்ப்புகளை (மாதிரி வாசகங்களை) முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டியிருப்பதால், நிராகரிப்புக் காரணம் ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பை எழுதி வையுங்கள். "உங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது" என்று பொதுவாக ஒன்றை மட்டும் பதிவு செய்துவிட்டால் கடைசி வரை அதுவே போய்க்கொண்டிருக்கும்.

நிராகரிப்பை எப்படித் தெரிவிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு 21 வயது நிறைவு, ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் விதிக்கப்பட்டன. ஏற்கப்படாதவர்கள் முப்பது நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற ஏற்பாடும் இருந்தது, இது பாராட்டத்தக்கது.

ஆனால் மேல்முறையீடு செய்ய, எதை மறுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். "மின் நுகர்வு வரம்பை மீறியது" என்று மட்டும் சொன்னால், ஒற்றை விளக்கும் விசிறியும் உள்ள வீட்டுப் பெண் திகைத்து நிற்பார். எந்த மின் இணைப்பு எண், எந்த ஆண்டு, எத்தனை யூனிட் என்று சொன்னால், அது கணவரின் அண்ணன் வீட்டு மீட்டர் என்றோ, மாமனார் பெயரில் இருந்து விற்றுவிட்ட வீடு என்றோ உடனே அவருக்கு விளங்கிவிடும். அரசின் தரவு தவறாக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தரவை உரியவருக்கே காட்டுவதுதான் நல்ல நிராகரிப்பு. காரணம் எண்ணோடு இருக்க வேண்டும்; திருத்தும் இடம் பெயரோடு இருக்க வேண்டும்; கெடு தேதியோடு இருக்க வேண்டும். வேறு எந்தத் திட்டத்தில் இவருக்கு இடமுண்டு என்பதையும் அதே தாளில் சொல்லிவிட்டால், மையத்திலிருந்து வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

மனு ஏற்கப்பட்டது, பணமும் அனுப்பப்பட்டது, ஆனால் வரவில்லை என்கிறார்கள். இது எப்படி?

ஆதார் வழியாகப் பணம் செலுத்தும்போது, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் பணம் போவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதாக என்பிசிஐயின் (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனத்தின்) பட்டியலில் இருக்கிறதோ, அந்தக் கணக்குக்குப் போகிறது. நூறு நாள் வேலைக்காக ஒரு வங்கியில், நகைக்கடனுக்காக இன்னொன்றில், குழுக் கடனுக்காக மற்றொன்றில் என்று கணக்குத் தொடங்கிய பெண்மணி, தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாஸ்புக்கை மாதாமாதம் வரிசையில் நின்று பதிந்து பார்த்து, வரவில்லை என்று திரும்புவார். பணமோ அவர் மறந்தே போன கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். "செலுத்தப்பட்டது" என்று மட்டும் காட்டாமல், எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கின் கடைசி நான்கு எண்கள் என்று காட்டினால் பாதிப் புகார்கள் எழுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். பணம் சேர்ந்த பிறகும் கவனம் தேவை: 2023 செப்டம்பரில் உரிமைத் தொகையிலிருந்து சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் செய்ததை மாநில நிதியமைச்சரே கண்டிக்க வேண்டியதாயிற்று.

கைரேகை விழாதவர்களுக்கு என்ன வழி?

சேற்றிலும் நாற்றுக் கட்டிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கிய கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளர்களின் கைகளைச் சொல்லவே வேண்டாம். கருவிழிப் பதிவு ரேஷன் கடைகளுக்கு வந்திருக்கிறது. பிஎம் கிசானில் 2023 முதல் முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி உண்டு. இவையும் தவறும் என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும். ஆதார் இல்லாத காரணத்தாலோ சரிபார்ப்பு தோல்வியுற்ற காரணத்தாலோ உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பது 2018 செப்டம்பர் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்ற கருத்து. மாற்று வழிக்கான பொத்தான் முதல் திரையிலேயே இருக்கட்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. விண்ணப்பச் சேவையும் வாசல் வரை போகலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

பயிர்க் காப்பீட்டில் ஏன் இவ்வளவு மனக்கசப்பு?

கணக்கு கண்ணுக்குத் தெரியாததால். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காட்டை விவசாயி கட்டுகிறார். பரவலான இழப்பீடு அவருடைய வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய் கிராம அளவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரி மகசூலைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கிராமத்துக்கு வரையறுத்த உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ என்றும், பரிசோதனையில் கிடைத்தது 700 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், குறைவு முப்பது விழுக்காடு. காப்பீட்டுத் தொகையில் முப்பது விழுக்காடு இழப்பீடு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்துக்குப் பணம் வந்து இந்தப் பக்கம் வராமல் போனால், டீக்கடையில் ஊழல் என்ற பேச்சு எழுவது இயல்பு. இரண்டு மகசூல் எண்களையும், பரிசோதனை நடந்த நாளையும், சர்வே எண்களையும் கிராமவாரியாக வெளியிட்டால், ஐயமுள்ளவர் எதைக் கேட்பது என்று அறிந்து கேட்பார். ஒரு தனி வயல் மட்டும் காப்பீடு ஏற்கும் இயற்கைச் சீற்றத்தால் சேதமடைந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இதற்கான பொத்தான் செயலியின் ஆழத்தில் புதைந்திருக்கக் கூடாது.

சம்பாவுக்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அதற்கு முந்தைய வாரத்தில் வடகிழக்குப் பருவமழை, நடவு, அடங்கல் வாங்கும் கூட்டம், தீபாவளி ஆகிய அனைத்தும் சேர்ந்து வரக்கூடும். உங்கள் சர்வர் தாங்குமா என்று ஏப்ரலில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

புயல், வெள்ள நாட்களில் சேவை எப்படி நடக்கும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபின், சில பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, கோபுரங்களும் செயலிழந்தன. நிவாரணத்துக்கான கணக்கெடுப்பு நடந்ததும் அதே நாட்களில்தான். இணைப்பே இல்லாமல் பதிவு செய்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் வசதி டெல்டாவில் கூடுதல் அம்சமன்று, அடிப்படைத் தேவை. அப்படிச் சேமித்த தரவு கைப்பேசியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும், ஒரே வீடு இரண்டு முறை பதிவானால் பின்னர் ஒன்றாக்கும் வழி வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

எளிதாக்கினால் தகுதியற்றவர்களும் நுழைந்துவிட மாட்டார்களா?

நுழைந்திருக்கிறார்கள். 2020இல் பிஎம் கிசானில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான தகுதியற்ற பெயர்கள் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டு, விசாரணை சிபிசிஐடி வரை போனது. அங்கே உடைந்தது படிவத்தின் எளிமையால் அன்று. ஒப்புதல் தரும் அலுவலர்களின் கடவுச்சொற்கள் வெளியாட்களின் கைக்குப் போயின; ஒரே கணக்கிலிருந்து குவியல் குவியலாக ஒப்புதல் நடந்தபோது எந்த மணியும் அடிக்கவில்லை. காவல் வைக்க வேண்டிய இடம் ஒப்புதல் மேசை. விண்ணப்பதாரரிடம் இன்னும் மூன்று ஜெராக்ஸ் கூடுதலாகக் கேட்பதால் இத்தகைய முறைகேடு நின்றதாக நாம் அறியோம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒன்றை வைக்கலாமா?

மனுவின் நிலையைப் பேசிக் கேட்கவும், படிவத்தை வாசித்துக் காட்டவும் வைக்கலாம். தகுதி உண்டா இல்லையா என்ற தீர்ப்பை அதன் வாயால் சொல்லவிடாதீர்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் ஒரு மனிதக் குரல் கிடைக்கும்போது, அந்த எண்ணை மறைத்து உரையாடியை முன்னிறுத்துவது முறையன்று.

பயனாளிகள் பட்டியலை வெளிப்படையாக வெளியிடுவது நல்லதுதானே?

கிராம சபையில் பெயரும் திட்டமும் வாசிக்கப்படுவது சமூகத் தணிக்கைக்கு உதவும். அதையே ஆதார் எண், கணக்கு எண், கைப்பேசி எண்ணோடு இணையத்தில் ஏற்றினால் அது ஏமாற்றுக்காரர்களுக்கு விருந்து. 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, விதவை உதவித்தொகை பெறுகிறார், மாற்றுத்திறனாளி உதவி பெறுகிறார் என்பவை ஊர் முழுக்கத் தேடிப் பார்க்கக்கூடிய செய்திகள் அல்ல. மையங்களில் மேசைக்கடியில் குவியும் ஆதார் நகல்களும் இதே கணக்கில்தான் சேரும்.

சேவை வெற்றி பெற்றதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

பதிவிறக்க எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். மனு கொடுத்த நாளிலிருந்து பணம் கையில் கிடைத்த நாள் வரை எத்தனை நாட்கள், ஒரே வேலைக்கு எத்தனை முறை மையத்துக்கு வந்தார், நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மேல்முறையீட்டில் வென்றார் என்ற மூன்றும் போதும். கடைசி எண் மிக அதிகமாக இருந்தால் முதல் பரிசீலனையில் கோளாறு. பூஜ்யமாக இருந்தால் மேல்முறையீடு என்ற வழி இருப்பதே மக்களுக்குத் தெரியவில்லை. 2025 ஜூலை 15இல் சிதம்பரத்தில் தொடங்கிய உங்களுடன் ஸ்டாலின் முகாம்களில் ஊரகப் பகுதிக்கு 15 துறைகளின் 46 சேவைகள் என்றும், 45 நாட்களில் தீர்வு என்றும் அறிவிக்கப்பட்டது. அந்த 45 என்பதைப் போன்ற ஒரு கெடுவை உங்கள் சேவையிலும் ஒவ்வொரு மனுவின் மேலும் எழுதி, கடந்துவிட்டால் சிவப்பாகக் காட்டுங்கள். அலுவலருக்கு மட்டுமன்று, மனு கொடுத்தவருக்கும்.

காகித விண்ணப்பத்தை எப்போது நிறுத்தலாம்?

நிறுத்த வேண்டியதில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெள்ளைத் தாளில் எழுதிய மனுவோடு வருபவரிடமிருந்து அதை வாங்கி, அங்கேயே உள்ளிட்டு, மனு எண்ணை அச்சிட்டுத் தந்தால், அவருடைய மனுவும் மற்றவற்றோடு ஒரே வரிசையில் சேர்ந்துவிடும். அச்சிடும் தாளில் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். சிறிய ரசீதுத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுவதால் சாதாரணத் தாளே நல்லது.